பதினோரு மஞ்சள் முடிச்சும் செல்லாத ஐந்நூறும்

ஐந்நூறு ரூபாய் நோட்டு நேபாளத்தில் செல்லும் என்று சொன்னது நீங்கள்தான். தெரிந்து சொன்னீர்களா, தெரியாமல் சொன்னீர்களா, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் சாமி காசை அவிழ்த்துச் செலவழித்தவள் என்று மூன்று வருஷமாக ஊர் முழுக்க என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பதும் நீங்கள்தான். அது தெரிந்தே செய்வது.

உங்கள் பெயரை நான் எழுதப்போவதில்லை. முக்திநாத் யாத்திரைக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவர் என்று எழுதினால் போதும். படிக்கிறபோது உங்களுக்குத் தெரியும்.

நான் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் வேலை பார்க்கிறேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளில் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, கோடே இல்லாமல் செய்வது என் வேலை. என் வீட்டுக்காரர் இருபத்தைந்து வருஷம் சூளையில் நின்றவர். மண் தூசியும் சூடும் அவர் நெஞ்சில் எதையோ வைத்துவிட்டுத்தான் வேலையிலிருந்து அனுப்பின. இருந்தாலும் மாடி ஏறுவார், சைக்கிள் மிதிப்பார். சாகிற ஆள் மாதிரி இருக்கமாட்டார்.

எங்கள் ஊர்ப் பாலக்கரையில் உங்கள் போஸ்டரைப் பார்த்தது அவர்தான். ஸ்ரீமுஷ்ணத்தில் பெருமாளைப் பார்த்தவர்கள் சாளக்கிராமத்தையும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். சீட்டு எடுத்த பணத்தைக் கட்டினோம். புறப்படுவதற்கு முன்னால் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டீர்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"பாஸ்போர்ட் வேணாம், வோட்டர் கார்டு போதும். காசு மாத்துற வேலையே கிடையாது. நம்ம ரூபாய்க்கு அங்க ராஜ மரியாதை. சில்லறையா மூட்ட கட்டிக்கிட்டு வராதீங்க. ஐந்நூறாவே எடுத்துக்குங்க, இடுப்புல சொருகுனா தெரியாது."

எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். வீட்டில் அரிசிப் பானையில் போட்டு வைத்திருந்த நூறும் ஐம்பதுமான நோட்டுகளை மளிகைக் கடையில் கொடுத்து ஐந்நூறுகளாக வாங்கினேன். கடைக்காரருக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்.

ஒருத்தி மட்டும் எச்சரித்தாள். யூனிட்டில் பேக்கிங் செக்ஷனில் இருக்கிறவள். புருஷன் துபாயில் இருக்கிறார்.

"யக்கா, கொஞ்சம் நூறா வச்சிக்கிங்க. எதுக்கும் அங்க போனதும் அவங்க காசா மாத்திக்கிங்க. எங்க வூட்டுக்காரரு ஏர்போட்ல எறங்குனா மொத வேல அதான்."

"அது துபாயி. இது பஸ்ஸுல போற ஊருடி."

"பஸ்ஸுல போனா அவன் ஒங்க ஊருக்காரனா ஆயிடுவானா?"

நான் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவள் வைக்கோலைப் பெட்டியில் திணித்துக்கொண்டே, "சிரிங்க, சிரிங்க" என்றாள்.

ஒருவர் தூரத்துக் கோயிலுக்குப் போகிறார் என்று தெரிந்தால், போக முடியாதவர்கள் காசு முடிந்து கொடுத்தனுப்புவது எங்கள் பக்கத்துப் பழக்கம். மஞ்சள் நனைத்த துணியில் நோட்டும் மேலே ஒற்றை ரூபாயும் வைத்து, வேண்டிக்கொண்டு முடிச்சுப் போடுவார்கள். கொண்டுபோகிறவர் அதை அவிழ்க்கக் கூடாது. முடிந்த கை வேறு, போடுகிற கை வேறாக இருக்கலாம். முடிச்சு அதேதான் இருக்க வேண்டும். அப்படியே உண்டியலில் போட வேண்டும். நான் போகிறேன் என்றதும் யூனிட்டில் பத்துப் பேர் கொடுத்தார்கள். என்னுடையதையும் சேர்த்துப் பதினொன்று. ஒன்பதில் இருநூற்றொரு ரூபாய். இரண்டில் நூற்றொன்று. எல்லாம் நூறு நோட்டு. சாமிக்கு ஐந்நூறு முடிகிற வசதி எங்களில் யாருக்கும் இல்லை.

பத்தாவது முடிச்சைக் கொடுத்தவள் என் பலகையில் எனக்கு எதிரே உட்கார்ந்து வேலை செய்கிறவள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அவள் மகளுக்கு டெங்கு வந்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, கையில் மஞ்சள் துணி இல்லாமல் தன் புடவைத் தலைப்பைக் கிழித்து, ஆஸ்பத்திரிக்கு வெளியே கடையில் மஞ்சள் தூள் வாங்கி நனைத்து முடிந்தது அது. மற்றவர்களுடையதெல்லாம் மஞ்சளாக இருந்தது. இது பச்சையில் மஞ்சள் ஏறி ஒரு மாதிரி நிறமாக இருந்தது.

"யக்கா, இது பாப்பா தலையச் சுத்தி முடிஞ்சது. எந்தச் சாமின்னு அப்ப நெனக்கல. நெனக்க நேரமில்ல. எங்கயோ தூரத்துல இருக்குற சாமி, எம்பொண்ணக் குடுத்துடுன்னேன். குடுத்துட்டாரு. ரெண்டு வருஷமா தூரத்துக்குப் போற ஆளயே காணும். நீங்கதான் போறீங்க. அவுக்காம போட்டுடுங்க."

"நான் ஏண்டி அவுக்குறேன்?"

"சொல்றேன்."

சுனௌலியில் எல்லையைத் தாண்டினோம். ஒரு வளைவு, இரண்டு பக்கமும் கடைகள், அவ்வளவுதான். காசு மாற்றுகிற கடைகள் வரிசையாக இருந்தன. நம் குழுவில் ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் இருந்தாரே, இந்தி தெரிந்தவர், அவர் உங்களிடம் கேட்டார். "தம்பி, அஞ்சு நிமிஷம் நிறுத்துனா மாத்திக்கலாமே." நீங்கள் பஸ்ஸை நிறுத்தவில்லை. "சார், நூத்துக்கு நூத்தி அறுபது அவன் காசு. அவனே கேட்டு வாங்குவான். எதுக்கு மாத்தணும்?" என்றீர்கள்.

நூறைப் பொறுத்தவரை நீங்கள் சொன்னது சரிதான், அதை மறுக்கமாட்டேன். முதல் இரண்டு நாள் கையிலிருந்த சில நூறுகளைக் கொடுத்தேன், வாங்கினார்கள். நம் காசை ஐ.சி. என்றார்கள், அவர்கள் காசை என்.சி. என்றார்கள். நூறைக் கொடுத்து வாழைப்பழம் வாங்கினால் மீதி அவர்கள் காசில் கட்டாக வந்தது. மலையும் மிருகமும் போட்ட நோட்டு. எங்கள் குழுவில் எல்லோருக்கும் திடீரென்று கழுத்து நிமிர்ந்துவிட்டது. "இன்னாய்யா, வெளையாட்டுச் சீட்டு மாரி இருக்குது" என்று ஒருவர் கடைக்காரன் முன்னாலேயே சொன்னார். எனக்கும் அந்தத் திமிர் இருந்தது. விருத்தாசலத்தில் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவள், அங்கே மீதியை எண்ணாமல் பையில் போட்டேன்.

இப்போது யோசிக்கிறேன். எங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பரோட்டாக் கடையில் ஒரு நேபாளி வேலை செய்கிறார். அவர் தன் ஊர் நோட்டை நீட்டி டீ கேட்டால் யாராவது கொடுப்போமா? அந்தக் கடைக்காரன் மண்ணில் நின்றுகொண்டு என் காசை வாங்கிக்கொள் என்று சொல்ல எனக்கு யார் உரிமை கொடுத்தது? வாங்கிக்கொண்டது அவன் தயவு. நான் அதை என் பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

பொக்ராவில் ஒரு கம்பளிக் கடையில் நம் குழுவில் ஒரு அம்மா ஐந்நூறு நீட்டினார். கடைக்காரர் கையை ஆட்டி மறுத்தார். அந்த அம்மா உங்களிடம் வந்து சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "அவங்கிட்ட சில்லறை இல்லம்மா, அதான்" என்றீர்கள். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் பொக்ராவில் எத்தனையோ வழி இருந்திருக்கும். நீங்கள் சொல்லவில்லை. மறுநாள் இடுப்பு வலி என்று ஹோட்டலிலேயே தங்கிவிட்டு, எங்களைச் சமையல்காரரோடு மலைக்கு அனுப்பினீர்கள்.

முக்திநாத்தில் ஜீப் நிற்கிற இடத்திலிருந்து கோயில் வரைக்கும் குதிரை. கடைசி நூறுகளும் மீதியாக வந்த அவர்கள் காசும் குதிரைக்குப் போயின. என் வீட்டுக்காரர் குதிரையில் உட்கார்ந்துகொண்டு, "மாப்பிள்ள ஊர்வலம் இப்பத்தான் வருது எனக்கு" என்றார். கல்யாணத்தில் அவருக்கு ஊர்வலம் வைக்கவில்லை என்று என் அப்பாவை முப்பது வருஷமாகக் குத்திக்கொண்டிருப்பார்.

கோயிலுக்குப் பின்னால் நூற்றெட்டு குழாய். ஐஸ் தண்ணீர். ஒவ்வொன்றின் கீழும் தலையைக் காட்டிக்கொண்டு ஓட வேண்டும். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. எழுபதோ எண்பதோ போயிருப்பார், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு நீலமாக இருந்தது. நெஞ்சு மேலும் கீழும் போனது, காற்று போகவில்லை. சந்நிதிக்குள் நான் இன்னும் நுழையவே இல்லை. பதினோரு முடிச்சும் என் தோள் பையில் இருந்தன.

ரயில்வே பெரியவரும் குதிரைக்காரர்களும் சேர்ந்து அவரைக் கீழே இருந்த ஹெல்த் போஸ்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே ஒரு பெண் இருந்தாள். அவளை எப்போதும் நன்றாகவே சொல்வேன். காசைப் பற்றிப் பேசாமல் முதலில் ஆக்சிஜனை மாட்டினாள். ஊசி போட்டாள். பிறகுதான் பெரியவரிடம் இந்தியில் சொன்னாள்: உடனே கீழே ஜோம்சோம் ஊருக்கு இறக்க வேண்டும், இங்கே இருந்தால் சரிப்படாது. ஆக்சிஜனுக்கும் ஊசிக்கும் நம் காசில் ஐந்நூறு. வழியில் வைத்துக்கொள்ள சிலிண்டரைத் தருகிறேன், ஜீப்பிலேயே திருப்பி அனுப்புங்கள்.

இடுப்பிலிருந்து ஒரு ஐந்நூறு நோட்டை எடுத்து நீட்டினேன். சரியாகப் போய்விட்டது என்று நினைத்தேன். அவள் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். "ஐ.சி. ஹன்ட்ரட் ஓகே. ஃபைவ் ஹன்ட்ரட் நோ."

ஜீப்காரரும் அதேதான். ஆயிரத்து ஐந்நூறு கேட்டார், நூறு நூறாக. ஐந்நூறுகளை விசிறி மாதிரி விரித்துக் காட்டினேன். ஆறு எடுத்துக்கொள், எட்டு எடுத்துக்கொள் என்றேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு என் கையை மடக்கி மூடினார். பெரியவர் மொழிபெயர்த்தார்.

"ஏம்மா, நல்ல நோட்டுன்னு தெரியுதாம். ஆனா இந்த நோட்டுக்கு இங்க தடையாம். இவன் கையில இருந்தா போலீஸு புடிக்குமாம், பேங்க்லயும் வாங்கமாட்டானாம். போன வருஷம் ஒருத்தன் மாட்டிக்கிட்டானாம்."

"நீங்க வச்சிருக்கிங்களா சார், நூறு?"

"எங்கிட்டயும் அதாம்மா இருக்கு. அவரு சொன்னாருன்னுதான மாத்திக்கிட்டு வந்தோம்."

உங்களுக்குப் போன் போட்டோம். அந்த மலையில் என் போனும் செத்த மாதிரிதான் கிடந்தது, பெரியவர் போனும் அப்படித்தான். சமையல்காரரிடம் கேட்டோம். காசெல்லாம் உங்களிடம்தான் என்றார். எங்கள் குழுவில் கீழே இறங்கி வந்த நாலைந்து பேரிடம் கேட்டேன். எல்லோரிடமும் ஐந்நூறு. எல்லோரும் உங்களை நம்பிய நல்லவர்கள்.

என்னிடம் இருந்த செல்லுகிற காசு அந்தப் பையில்தான் இருந்தது.

நான் பையைத் திறந்ததும், கம்பளிக் கடையில் ஐந்நூறு நீட்டிய அம்மா என் கையைப் பிடித்தார். "வேணாம்மா. சாமி காசு. மேல கை வைக்காத."

"அப்ப நீங்க குடுங்க."

"எங்கிட்டயும் முடிஞ்சதுதான் இருக்குது."

"அப்ப கைய எடுங்க."

என் முடிச்சை முதலில் அவிழ்த்தேன். மஞ்சள் காய்ந்து முடிச்சு கல்லாக இருந்தது. பல்லால் இழுத்தேன். ஒவ்வொன்றாகப் பத்து. இதைச் செய்யும்போது நான் அழவில்லை. யாருடையது எது என்று பார்க்கவில்லை, பார்த்தால் நின்றுவிடுவேன். பத்து முடிச்சில் பதினெட்டு நோட்டு. ஐந்து ஹெல்த் போஸ்ட்டுக்கு. பதின்மூன்று ஜீப்காரர் கையில். இன்னும் இரண்டு வேண்டும்.

பெரியவர் பேரம் பேசினார். ஒற்றை ரூபாய் நாணயங்களைக் காட்டினார். நாணயம் வேண்டாம் என்று ஜீப்காரர் தலையை ஆட்டினார். இரண்டு நூறுக்காக ஒரு மனிதனை மலையில் விட்டுவிடுவானா என்று நீங்கள் கேட்கலாம். விடமாட்டார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. இன்னும் பத்து நிமிஷம் பெரியவரைப் பேசவிட்டிருந்தால் கிளப்பியிருப்பார். அந்தப் பத்து நிமிஷத்துக்கு எனக்குப் பொறுமை இல்லை. பெஞ்சில் கிடந்தவர் கண்ணை மேலே சொருகிக்கொண்டிருந்தார். பச்சைப் புடவைத் துணியை அவிழ்த்தேன். அது மட்டும் தொட்டதுமே சுலபமாக அவிழ்ந்துவிட்டது. அவசரத்தில் முடிந்தது அல்லவா.

ஜீப்காரர் நோட்டுகளைப் பார்த்தார். பதினைந்தும் ஓரத்தில் மஞ்சள். அவருக்கு விளங்கிவிட்டது. நெற்றியில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பைக்குள் வைத்தார். திருப்பிக் கொடுக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

புறப்படுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். எடுத்தது இரண்டாயிரம். நாலு ஐந்நூறை எடுத்தேன். என் மஞ்சள் துணியில் பதினோரு நாணயத்தோடு வைத்து ஒரே முடிச்சாகப் போட்டேன். பதினோரு பேர் வேண்டுதலை நாலு நோட்டில் எப்படிப் பிரிப்பது? பிரிக்க முடியவில்லை. பெரியவரிடம் கொடுத்து, மேலே போய் உண்டியலில் போடச் சொன்னேன். போட்டார். அவர் இன்றைக்கும் ஜங்ஷன் பக்கத்தில்தான் இருக்கிறார். கேளுங்கள்.

ஜோம்சோமில் இரண்டு மணி நேரத்தில் என் வீட்டுக்காரருக்கு முகத்தில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "குதிரைக்காரனுக்கு ரிட்டர்ன் காசும் குடுத்துட்டியா?"

ஊருக்கு வந்த முதல் நாள், யூனிட்டில் சாப்பாட்டு நேரத்தில், பத்துப் பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. காலித் துணிகளை நடுவில் வைத்தேன். பேக்கிங் செக்ஷன்காரி, நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தட்டில் ஒரு துண்டு மீனை வைத்தாள். வேறொருத்தி, "வுடு யக்கா, இனிமே அண்ணன் மூச்சு வுட்டா அதுல எம்பங்கு இருநூறு ரூவா இருக்குது" என்றாள். சிரிப்பு வந்தது. எட்டுப் பேர் அன்றைக்கே ஆறிவிட்டார்கள். ஒருத்தி ஒரு மாதம் முறைத்தாள், பிறகு சரியானாள்.

எதிரே உட்காருகிறவள் மட்டும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த ஊருல செல்லாத நோட்டுன்னீங்க. அதயா சாமிக்குப் போட்டீங்க?"

ஐந்து நூறும் ஒரு ஐந்நூறும் ஒன்று என்று என் வாழ்நாள் முழுக்க நினைத்திருந்தேன். மளிகைக் கடையில் ஒன்றுதான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒன்றில்லை. அவள் துணிக்குள்ளும் ஒன்றில்லை. அவள் மகள் தலையைச் சுற்றியது அந்த இரண்டு நோட்டு. அது ஒரு ஜீப்காரர் சட்டைப் பைக்குப் போய்விட்டது. அவருக்கு வேண்டுதல் எதுவும் இல்லை.

அவள் இன்னும் எதிரேதான் உட்காருகிறாள். வேலை விஷயம் பேசுவாள். பச்சைத் துணியை வாங்கிக்கொள்ளவில்லை. அது என் கத்தி வைக்கிற டப்பாவில் இருக்கிறது. மகளுக்குச் சளி பிடித்தால்கூட அன்றைக்கு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். திட்டினால் வாங்கிக்கொள்வேன். அவள் திட்டுவதில்லை.

இதற்கு நடுவில்தான் நீங்கள் பேச ஆரம்பித்தீர்கள். யாத்திரையில் என்ன நடந்தது என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். "அந்தம்மா ஊர்க்காரங்க சாமி காச எடுத்து செலவு பண்ணிடுச்சு, நான் என்னா பண்றது" என்றிருக்கிறீர்கள். டீக்கடையில் ஒன்று, பஸ்ஸில் ஒன்று என்று பரவிப் பரவி அது எதிரே உட்காருகிறவள் காதுக்கும் போனது. அதற்கு முன்னால் அவளுக்கு வருத்தம் மட்டும்தான் இருந்தது. பிறகு சந்தேகமும் வந்துவிட்டது. நாலு ஐந்நூறு உண்மையிலேயே உண்டியலில் விழுந்ததா என்று ரயில்வே பெரியவர் வீட்டுக்கே போய் விசாரித்திருக்கிறாள். அவள் விசாரித்தது தப்பில்லை. அவளை விசாரிக்கவைத்தது நீங்கள்.

ஒருமுறை உங்கள் ஆபீசுக்கு வந்தேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னீர்கள். "இப்பதான் ஐந்நூறும் கொண்டுபோலாம்னு சொல்லிட்டாங்களே. இன்னும் என்னா பழச பேசிக்கிட்டு."

இப்போது விதியைத் தளர்த்திவிட்டார்கள் என்று நானும் கேள்விப்பட்டேன். இருக்கட்டும். நாங்கள் போனபோது தடை இருந்தது. பொக்ராவில் கடைக்காரர் கை ஆட்டியபோது உங்களுக்குத் தெரிந்திருந்தது.

என் பங்கு தப்பை நான் சொல்லிவிட்டேன். பத்துப் பேர் முன்னால், துணியை நடுவில் வைத்து. நூறாக எடுத்துப்போகச் சொன்னவளைக் கேலி செய்தது நான். பத்து நிமிஷம் பொறுக்காதது நான். முடிச்சை அவிழ்த்தது என் பல்.

மறுபடியும் பாலக்கரையில் போஸ்டர் ஒட்டியிருக்கிறீர்கள். அதே கல்யாண மண்டபத்தில் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் என்று போட்டிருக்கிறது. நான் வருவேன். எதிரே உட்காருகிறவளைக் கெஞ்சியாவது கூட்டிக்கொண்டு வருவேன். பணம் கேட்டு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஐந்நூறு செல்லும் என்று சொன்னது யார்? கடைக்காரர் மறுத்த பிறகும் சில்லறை இல்லை என்று மழுப்பியது யார்? அந்த முடிச்சு அவிழ்ந்ததற்கு யார் யார் காரணம்? இந்த மூன்றுக்கும் அதே மைக்கில், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.